பறவைப் பார்வையும் கண்காணிப் பார்வையும்: மலையக வரலாற்றில் ஒரு சொற்றொடரின் பொருளும் பயன்பாடும்

ஒரு துறையைச் சுருக்கமாக அறிமுகஞ் செய்ய முற்படும் ஆய்வாளர், ‘இது ஒரு பறவைப் பார்வை மட்டுமே’ என்று முன்னுரையிற் கூறிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விவரங்களுக்குள் இறங்கவில்லை, பொதுப்போக்கை மட்டுமே காட்டுகிறோம் என்பது அதன் கருத்து. அடக்கவுரையாகத் தோன்றும் இத்தொடர் உண்மையில் பெரியதோர் உரிமையைக் கோருகிறது. உயரத்தில் நிற்பதற்கான உரிமை அது. அவ்வுயரத்தில் நின்றவர் யார், அவர் எதனைக் கண்டார், எது அவர் கண்ணுக்குப் படாமற்போயிற்று என்னும் வினாக்களை எழுப்பாது இத்தொடரைக் கையாள்வது வரலாற்று மாணவருக்கு ஏற்புடையதன்று. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை, சிறப்பாக ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளை நோக்கும்போது, இவ்வினாக்கள் சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்துவிடுகின்றன. அங்கே பார்வையின் உயரம் வர்க்க உறவுகளோடு பிணைந்திருந்தது. அப்பிணைப்பின் வரலாற்றைச் சில கூறுகளில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘பறவையின் கண்’ எனப் பொருள்படும் தொடர் பல பொருள்களைக் குறிக்கப் பயன்படுகிறது. நீல நிறச் சிறு பூவொன்று, சிறுபுள்ளிகள் விரவ நெய்த துணி, வட்டச் சுழிகள் காணப்படும் மேப்பிள் மரப்பலகை, புகையிலை வகையொன்று ஆகியவை அப்பெயரைப் பெற்றுள்ளன. காரம் மிகுந்த சிறு மிளகாயும் அவ்வாறே. தமிழகத்தில் ஊசிமிளகாய் என்றும், கேரளத்தில் காந்தாரி என்றும், சிங்களத்தில் கொச்சி என்றும் வழங்குவது இதுவே. மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை. அவை பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. அமெரிக்கக் கண்டத்திற்குரிய இத்தாவரம் போர்த்துக்கேயரின் வாணிபத்தோடு நம் சமையலறைக்குள் நுழைந்ததாகும்.

இப்பயன்பாடுகள் யாவற்றிலும் பறவையின் கண் என்பது பார்க்கப்படும் பொருள்: சிறியது, வட்டமானது, அருகிருந்தே காணக்கூடியது. ‘பறவைப் பார்வை’ என்னும் தொடரிலோ அக்கண் பார்க்கும் கருவியாக மாறுகிறது. சிறுபுள்ளி ஒன்று உலகனைத்தையும் சிறுபுள்ளிகளாக்கிவிடுகிறது. இந்த இடமாற்றம் கவனிக்கத்தக்கது.

தமிழில் இத்தொடர் ஆங்கிலவழி வந்த மொழிபெயர்ப்பே. எனினும் பறவையின் நோக்கைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. சூத்திரங்கள் அமையும் முறையை விளக்கவந்த பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டிற் செய்த நன்னூலில், ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்கு நிலைகளைக் கூறினார். இவற்றுள் இறுதியானது நமது பொருளுக்கு நேரடியாக உரியது. பருந்து உயரத்தில் வட்டமிடுகிறது. ஆயினும் இலக்கணகாரர் அதன் உயரத்தைப் பெயராக்கவில்லை. தான் கண்ட பொருளை நோக்கி அது இறங்குவதையே பெயராக்கினார். இவ்வேறுபாட்டிற்குக் கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவோம்.

தூதிலக்கிய மரபும் ஈண்டு நினைக்கத்தக்கது. கிளியும் அன்னமும் நாரையும் தூது போகின்றன. அவற்றை அனுப்பியவரோ தரையிலேயே நிற்கிறார். சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய தனிப்பாடலைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். வறுமையால் ஊர்விட்டு வந்து மதுரையிற் குளிரில் நடுங்கும் புலவன், பறவையை விடுப்பது அரண்மனையைக் காண்பதற்கன்று. மழையில் நனைந்த சுவரையுடைய தன் குடிசையையும் அதனுள் காத்திருக்கும் மனைவியையும் காண்பதற்கே. வறியவன் கற்பனை செய்த பறவைப் பார்வை கூரைக்குக் கீழே நுழைகிறது. ஆள்வோர் வளர்த்தெடுத்த பறவைப் பார்வை கூரையோடு நின்றுவிடுகிறது.

2. உயரத்தின் வரலாறு

மனிதன் வானிற் பறப்பதற்கு முன்னரே பறவைப் பார்வை உருவாகிவிட்டது. 1500இல் யாக்கப்போ தே பார்பரி என்னும் ஓவியர், வெனிஸ் நகரை வானிலிருந்து காண்பதுபோல ஆறு மரப்பாளங்களிற் செதுக்கி அச்சிட்டார். அதனை வெளியிட்டவர் ஒரு வணிகர். காட்டப்பட்டதோ ஒரு வணிகக் குடியரசு. மொங்கோல்பியர் சகோதரரின் பலூன் எழுந்தது 1783இலேயே. பாரிஸ் நகருக்கு மேலே பலூனிலிருந்து நாதார் புகைப்படம் எடுத்தது 1858இல். ஆகவே இப்பார்வையைத் தோற்றுவித்தது பறக்கும் எந்திரமன்று. தன் உடைமையையும் சந்தையையும் ஒருசேரக் காண விழைந்த வர்க்கமொன்றின் தேவை எந்திரத்திற்கு முந்தியது.

இலங்கையில் அத்தேவை நில அளவையாக வடிவெடுத்தது. நில அளவைத் திணைக்களம் 1800இல் ஆளுநர் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டபின் மலைநாடு அளவைக்குரிய நிலமாயிற்று. 1820களின் முற்பகுதியில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். அவர் குடும்பப்பெயரின் பொருள் ‘பறவை’ என்பது தற்செயலே. அதிலிருந்து கோட்பாடு எதனையும் வருவிக்க வேண்டியதில்லை. கோட்பாட்டுக்குரியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புத் தடைச் சட்டமாகும். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம், மறுதலை நிறுவப்படும்வரை, முடிக்குரியதே என அது விதித்தது.

இச்சட்டத்தின் அடியில் ஒரு பார்வை இருக்கிறது. சேனைப் பயிர்ச்செய்கையில் நிலம் சில காலம் பயிரிடப்பட்டுப் பல ஆண்டுகள் காடாக விடப்படும். கிராமத்தின் மந்தை மேய்வதும் விறகு பொறுக்குவதும் அக்காட்டிலேயே. தரையில் வாழ்பவனுக்கு அது ஓய்வெடுக்கும் வயல். உயரத்தில் நின்று நோக்குபவனுக்கோ அது வெற்றுநிலம். வெற்றுநிலமாகக் கண்ட மாத்திரத்தே அது விற்பனைக்குரியதாயிற்று. ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலையில் அரச அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அதனை வாங்கினர். 1844இல் அடிப்படை விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டபோது நல்ல நிலத்திற் பெரும்பகுதி கைமாறியிருந்தது. 1862இல் ஜோன் பிரேசரின் இலங்கைப் படம் வெளிவந்தபோது மலைநாடு ஒரே தாளில் அடங்கிற்று.

கண்டியச் சிங்கள விவசாயியின் நிலம் வெறுமையாகக் காணப்பட்டதும், அந்நிலத்தில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டதும் ஒரே செயற்பாட்டின் இரு கூறுகள். பிற்கால அரசியல் இவ்விரு மக்களையும் எதிரெதிரே நிறுத்தியது. இருவரையும் கண்ணிற் படாதவராக்கிய அந்த முதற்பார்வை அதனால் மறைக்கப்பட்டது.

3. பங்களாவும் லயமும்

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை மலைநாட்டை ஆட்கொண்டது. புகையிரதம் 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தோட்டங்கள் ஹோலிறூட், டன்சினேன், பல்மோரல், வேவர்லி என ஸ்கொத்லாந்துப் பெயர்களைத் தாங்கின. இடத்தை உயரத்திலிருந்து கண்டவர் தம் தாயகத்தையே அதன்மீது எழுதிக்கொண்டனர். தொழிலாளரோ பல தோட்டங்களுக்குத் தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை வழங்கினர். தோட்டப் பிரிவுகளை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றனர். தேயிலை நிரம்பிய ஒவ்வொரு சரிவையும் இலக்கமிட்ட ‘மலை’ என்றனர். ஒரே நிலத்தின்மீது இரு பெயர்வழக்குகள் நிலவின. அச்சிட்ட படத்தில் ஏறியது ஒன்று மட்டுமே.

தோட்டத்தின் அமைப்பே ஒரு பார்வை ஒழுங்காகும். துரையின் பங்களா பெரும்பாலும் காட்சி விரியும் மேட்டில் அமைந்தது. தொழிலாளரின் லயங்கள் சரிவுகளின் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் வரிசைகளாகக் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா, அதன் முன்னே சிறிய இஸ்தோப்பு, ஒரு குடும்பம் என்பதே அதன் பொதுக்கணக்கு. மேலிருந்து பார்ப்பவருக்கு லயம் ஒரு நேர்கோடு. ஆங்கிலத்திற் கோடு எனப் பொருள்படும் சொல்லே தமிழில் லயமாயிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வரைபடத்திற்குரிய சொல் வீட்டின் பெயராகிவிட்டது.

தோட்டத்தின் தலைவரைக் குறிக்கும் ஆங்கிலப் பதவிப்பெயர் நம்மொழியில் மேற்பார்வையாளர் என்றாகும். மேலிருந்து பார்த்தல் என்னும் தொழிலை இது வெளிப்படையாகவே உரைக்கிறது. அவருக்குக் கீழே கங்காணி. இச்சொல் கண்காணி என்பதன் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீகாரியக் கண்காணி நாயகம்’ என்னும் அலுவல் காணப்படுகிறது. கோயிற் சொத்தை மேற்பார்க்கும் அப்பதவிப்பெயர், குடியேற்றவாத முதலாளித்துவத்தின் கீழே தொழிலாளரைத் திரட்டி, கடனிற் பிணித்து, வேலைவாங்கும் இடைத்தரகனின் பெயராயிற்று. நிலமானியச் சமூகத்தின் நிறுவனமொன்று முதலாளித்துவ உற்பத்திக்கு ஏவலாக்கப்பட்டதற்கு இச்சொல்லே சான்று பகரும்.

கங்காணியின் கண் பறவைக் கண்ணன்று. அவன் தன் ஊரவரையும் உறவினரையும் சாதியினரையுமே அழைத்துவந்தான். எவன் யாருக்குக் கடன்பட்டவன், எவன் வீட்டில் நோய், எவள் எந்நாள் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளரின் கடனைத் தீர்த்தால் மட்டுமே விடுவிப்போம் என எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ முறை, 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, அவர்களைத் தோட்டம்விட்டுத் தோட்டத்திற்குக் கடனோடு கைமாற்றியது. ஆகவே தோட்ட உற்பத்தி ஒரு கண்ணால் மட்டும் நடைபெறவில்லை. தொலைவிலிருந்து அளக்கும் துரையின் கண்ணும், அருகிலிருந்து அறியும் கங்காணியின் கண்ணும் அதற்கு வேண்டியிருந்தன. பறவைப் பார்வை தானே இயங்கவல்லதன்று. தரையிலுள்ள உறவுகளைக் கடன்வாங்கியே அது அதிகாரமாகிறது.

அன்றாட வேலைநாளில் இவ்விரு கண்களும் சந்திக்கும் இடம் பிரட்டுக்களம். படைத்துறைக்குரிய ‘பரேட்’ என்னும் சொல்லே பிரட்டு ஆயிற்று என்பர். விடியலில் தப்பொலி எழுப்ப, தொழிலாளர் அங்கே அணிவகுத்து, எந்த மலைக்குப் போவது என்னும் கட்டளையைப் பெறுவர். ஒரு நாள் வேலை மலையக வழக்கில் ஒரு ‘பேர்’. நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ ‘அரைப்பேர்’. மனிதரின் பெயர் கூலியின் அலகாகிவிட்டது. பாதிநாள் உழைத்தவர் பாதிப் பெயருக்கே உரியவரானார். உழைப்பு அருவமான அளவாக மாறுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கினார். அவ்விளக்கத்தைப் படித்தறியாத மக்கள் அதே உண்மையைத் தம் பேச்சுவழக்கிற் பதித்துவைத்துள்ளனர்.

உயரம் சந்தையிலும் விலையாகிறது. நாலாயிரம் அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, அதற்குத் தனிமதிப்பு. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு அண்மையில், அவர் அமர்ந்து தன் தோட்டங்களை நோக்கியதாகச் சொல்லப்படும் குன்று இன்றும் அவர் பெயராலேயே சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் நிலையங்கள் எடுத்த 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களிலும் மேட்டிலிருந்து நோக்கும் தோட்டக்காட்சி நிலையானதோர் அமைதி. மனிதர் அங்கே பச்சைப் பரப்பின்மீது தூவிய புள்ளிகள்.

4. எண்ணும் எல்லையும்

குடியேற்ற ஆட்சி முடிவுற்றபோது பார்வையின் உயரம் தாழவில்லை. அதில் அமர்ந்தவர் மட்டுமே மாறினர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தமிழரை இரு நிரல்களிற் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்நிரலை மதிலாக்கியது. தகப்பன், அன்றேல் பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்ததற்கு ஆவணச் சான்று கேட்கப்பட்டது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்பின் சாட்சி அயலவரின் நினைவே. மேலிருந்து நோக்கிய சட்டம் காகிதத்தை மட்டுமே கண்டது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பறவைப் பார்வையின் அரசியல் உச்சமெனலாம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் கணக்கில் எடுக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவ்வெச்சத்தை இரு அரசுகளும் சரிபாதியாக, 75,000 வீதம், பகிர்ந்துகொண்டன. பகுக்கப்பட்டவர் எவரும் பகுத்தவரோடு மேசையில் அமரவில்லை. இவ்வெண்கள் அனைத்தும் ஆயிரத்தில் முடிகின்றன என்பதை அவதானிக்க வேண்டும். குடும்பங்கள் ஆயிரத்தில் முடிவதில்லை. தாய் ஒரு பட்டியலிலும் மகள் இன்னொரு பட்டியலிலுமாகப் பிரிந்தனர். இந்தியாவுக்குச் செல்வோரை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் இடம்பெறாத செய்தி அப்பெயரில் இருக்கிறது. 1984இற் கப்பற் போக்குவரத்து நின்றது; 1964 முதல் நாட்டில் வசித்தோருக்கும் அவர் சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளை எச்சட்டமும் திருப்பித் தரவில்லை.

5. கீழிருந்து எழும் பார்வை

இலக்கியம் இப்பார்வைக்கு விடைகூறியது எவ்வாறு? புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டத்தை நோக்கிய கதை. தொலைவு அதிலும் உண்டு. ஆனால் தலைப்பே பார்வையை மேட்டிலிருந்து கேணிக்குள் திருப்பிவிடுகிறது. கோகிலம் சுப்பையாவின் நாவல் 1964இல் ‘தூரத்துப் பச்சை’ என்னும் பெயருடன் வந்தது. தூரத்திலுள்ள பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் மக்கள் மொழியே அங்கு தலைப்பாகி, ஆள்கட்டுவோர் காட்டிய கனவையும் பயணியர் புகழும் காட்சியையும் ஒருங்கே மறுக்கிறது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ பரந்த மலையை விட்டு ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையையே தன் களமாக்கிக்கொண்டது. சி. வி. வேலுப்பிள்ளை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, குடியுரிமைச் சட்டங்களைச் சபைக்குள்ளிருந்தே கண்டவர். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவரும் அவரே. அப்பாடல்களில் துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கீழிருந்து நோக்கப்படுகின்றனர். கண்காணிக்கப்பட்டவர் தம்மைக் கண்காணித்தவரை எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவை ஆவணங்களாகும்.

ஆயின் கீழிருந்து நோக்குவதே உண்மை, மேலிருந்து நோக்குவதனைத்தும் பொய் என்று கொள்வது இயங்கியலுக்கு முரணானது. தனித்தனித் தோட்டத்திற்குள் அடைக்கப்பட்ட தொழிலாளி தன் துன்பத்தைத் தன் துரையின் கொடுமையாகவோ தன் தலைவிதியாகவோ மட்டுமே காணமுடியும். வெளியார் நுழைவதை அத்துமீறல் சட்டங்கள் தடுத்ததற்குக் காரணமும் அதுவே. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரங்களும் பாடல்களும் கொண்டு அவ்வேலியைக் கடந்தனர். 1931இல் ஹற்றனை நிலைக்களமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, மலைத்தொடர் முழுவதையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு முதன்முறையாகத் தொழிலாளருக்குக் கிட்டியது. 1939–40இல் தோட்டந்தோறும் பரவிய வேலைநிறுத்த அலை, 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானதைத் தனித்தோட்டச் செய்தியாக விட்டுவிடவில்லை. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து டெவன் தோட்டத் தொழிலாளர் திரண்டபோது சிவனு லெட்சுமணன் உயிர்நீத்தார். நில அளவைக்காரரின் கோட்டைத் தொழிலாளர் கூட்டாகத் தடுத்துநின்ற நிகழ்ச்சி அது. முழுமையைக் காணும் உரிமை அங்கே கைமாறிக்கொண்டிருந்தது.

6. முடிவாக

மேலிருந்து வரையப்படும் படம் மக்களுக்குத் தேவையற்றது என்பதும் பிழையே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மலையின் சரிவை உயரத்திலிருந்து அளந்த அறிவு இருந்தது. அவ்வறிவு பாதுகாப்பான நிலமாகவும் வீடாகவும் மாறி லயத்தை வந்தடையவில்லை. நிலவுரிமையற்றவர், எச்சரிக்கை கிடைத்தாலும், எங்கே பெயர்வது? ஓடைக்கரையில் லயத்தை அமைத்த 19ஆம் நூற்றாண்டுப் பார்வையின் விலையை 21ஆம் நூற்றாண்டின் பிள்ளைகள் கொடுத்தனர். 1840இல் நிலம் வெறுமையெனக் காணப்பட்டதும், 1964இல் மனிதர் எண்களாகக் காணப்பட்டதும், 2014இல் படம் இருந்தும் மக்கள் காக்கப்படாததும் தனித்தனி நிகழ்ச்சிகளல்ல. பார்வையின் உடைமை யாருடையது என்னும் ஒரே வினாவின் மூன்று தோற்றங்கள் அவை.

மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி இடம்பெற்றது. முன்னோர் நடந்து, பலர் வழியிலேயே மடிந்த பாதையை வழித்தோன்றல்கள் காலால் அளந்தனர். வரைபடத்தில் விரற்கடையளவான தொலைவு அது. நடந்தவருக்கோ இரு வாரங்கள். வரலாற்றாசிரியருக்கு இவ்விரு அளவைகளும் வேண்டும். விரற்கடையை மட்டும் அறிந்தவர் துன்பத்தை அறியார். அடிகளை மட்டும் எண்ணுபவர் அப்பாதையை வகுத்த ஆற்றல்களை அறியார்.

பவணந்தியார் தந்த சொல் இவ்விடத்தே நமக்கு உதவுகிறது. பருந்தின் வீழ்வு என்பது உயரத்தை மறுப்பதன்று, உயரத்திலே தங்கிவிடுவதுமன்று. முழுமையைக் கண்டபின் குறித்த பொருளின்மீது தவறாது இறங்குவதே அது. மலையகம் பற்றிய நமது ஆய்வுகள் ‘பறவைப் பார்வை’ என்று அடக்கங்கூறி மேலேயே நின்றுவிடாமல், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் கூரைக்குக் கீழே இறங்க வேண்டும். சத்திமுத்தப் புலவரின் நாரைக்கு இடப்பட்ட பணியும் அதுவே.